ரெகுலேட்டர் கெடவில்லை, அக்கா

என் அன்புக்கும் தலைவலிக்கும் உரிய செசிலி அக்கா,

நம் கோயில் பங்கு மலருக்கு உன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி ஃபாதர் கேட்டார். "அன்னார் அன்பே உருவானவர், அடக்கமே அணிகலனாகக் கொண்டவர்" என்று தொடங்கும் மாதிரி ஒன்றையும் கையில் கொடுத்தார். அடக்கம் என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்லியைப் பார்த்து நீ போட்ட கூச்சலில் பக்கத்து ஷெட் ஆள் கையிலிருந்த அச்சைக் கீழே போட்டு உடைத்த கதை ஃபாதருக்குத் தெரியாது. அதனால் உன்னைப் பற்றி எழுதவில்லை. உனக்கே எழுதுகிறேன். ஊர் படித்தால் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா நன்றாக இருக்கிறார். முட்டி வலியை மட்டும் எல்லோரிடமும் சொல்கிறார், மாத்திரையை யாரும் பார்க்காதபோது ஜன்னல் வழியே போடுகிறார். உன் ஸ்கூட்டியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டாமல் அதைப் பழக்கி வைத்திருக்கிறாய். தாண்டினால் இருமுகிறது.

ஷெட்டைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும். செராமிக் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் நீயும் நானும் சேர்ந்து பிடித்த அந்தச் சின்ன பொம்மை ஷெட், போன வாரம் வரை மூடும் நிலையில் இருந்தது. காரணம் நான். அதைச் சொல்வதற்கு முன்னால், உன்னைத் தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்காக, நீ எப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளி என்று சொல்லியாக வேண்டும்.

உனக்குப் பயமில்லாத பொருள் ஒன்று உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். தயிர்சாதம் மட்டும்தான் அகப்பட்டது. பல்லி, இடி, நாய், ஊசி, லிஃப்ட், தெரியாத நம்பரிலிருந்து வரும் போன். ரயில் ஜங்ஷன் உள்ள ஊரில் பிறந்துவிட்டு, ரயில் ஊதினால் திடுக்கிட்டவள் விருத்தாசலத்தில் நீ ஒருத்திதான் இருப்பாய். மற்றவர்கள் கோயிலில் முழங்காலில் நின்று செபிப்பார்கள். நீ கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, பக்கத்தில் போகிறவன் திரும்பிப் பார்க்கும் சத்தத்தில் செபித்தாய்.

"ஆண்டவரே, கரும்பு லாரி வருது. பெரிசா இருக்குது. பாத்தீங்களா? நான் ஓரமா போறேன். நீங்க கெட்டியா புடிச்சிக்கிங்க."

பின்னால் உட்கார்ந்திருந்தது நான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏன்க்கா, லாரி மேல வந்துட்டா ஒன் ஆண்டவரு எறங்கி பிரேக்கு புடிப்பாரா?"

"பிரேக்க நான் புடிச்சிப்பேன்டா. அவரு கூட வந்தா போதும்."

"கூட வந்தா பயம் போயிடுதா?"

"எங்க போவுது. பயமும் வருது, அவரும் வராரு. மூணு பேரா போறோம்."

"அப்ப நானு?"

"நீ லக்கேஜு."

செராமிக்கில் டிப்ளமா முடித்தவனை லக்கேஜ் என்று சொன்னவள் நீ. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் தியேட்டருக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது அந்த நர்ஸ் பயப்படாதீங்கம்மா என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். சும்மா தலையாட்டியிருக்கலாம். நீ பதில் சொன்னாய். "பயமாத்தான் இருக்குது சிஸ்டர். ஆனா பரவால்ல, உள்ள ரெண்டு பேராத்தான் போறோம்."

நர்ஸ் ஸ்ட்ரெச்சரை அப்படியே நிறுத்தினார். ஃபைலைப் புரட்டினார். என்னைப் பார்த்து, "சார், இவங்க மாசமா இருக்காங்களா? இத ஏன் நீங்க மொதல்லயே சொல்லல?" என்றார். அவங்க சொல்றது ஆண்டவரைங்க என்று நான் விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, "சரி, அவரு வரட்டும். நீங்க வெளிய நில்லுங்க," என்றார். கதவு மூடும்வரை நீ சிரித்துக்கொண்டே போனாய். கை மட்டும் ஸ்ட்ரெச்சர் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. அதையும் பார்த்தேன்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. எல்லாம் நல்லபடி ஆகிவிட்டது என்று நாங்கள் நினைத்திருந்தபோது, மூன்றாம் வாரம் நீ போய்விட்டாய். அன்றிலிருந்து உன் ஆண்டவரோடு எனக்குப் பேச்சு இல்லை. கூடப் போனவர் திரும்பவும் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டாமா? ஃபாதரிடம் கேட்டேன். அவர் ஒரு பதில் சொன்னார். நல்ல பதில்தான், எனக்குப் போதவில்லை. உனக்கு அங்கே நேரிலேயே கேட்கும் வசதி இருக்குமே. கேட்டாயா?

இனி என் கதைக்கு வருகிறேன்.

பொம்மை செய்வது நீ, சுடுவது நான் என்பது நம் ஒப்பந்தம். கேஸ் சூளையைப் பற்ற வைப்பது எப்படி என்று உனக்குத் தெரியும், படிப்பவர்களுக்குத் தெரியாது. புகைபோக்கியை மூடும் தகடு திறந்திருக்க வேண்டும், அதற்கு டேம்பர் என்று பெயர். சூளைக் கதவு ஒரு சாண் திறந்திருக்க வேண்டும். உள்ளே கேஸ் வாசம் இருக்கக் கூடாது. பிறகு கம்பி நுனியில் துணி சுற்றிய பந்தத்தைக் கொளுத்தி பர்னர் வாயில் பிடிக்க வேண்டும். அதற்கும் பிறகுதான் கேஸைத் திறக்க வேண்டும். முதலில் நெருப்பு, பிறகு கேஸ். இது மாறினால் சூளை சூளையாக இருக்காது, வெடியாகிவிடும்.

இவை ஒவ்வொன்றையும் ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், இன்னொருவர் கண்ணால் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். கூப்பிடுவது நான். சுவருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துப் பதில் சொல்வது நீ.

"டேம்பர்?"

"ஆமென்."

"தெறந்திருக்குதுன்னு சொல்லுக்கா. கதவு?"

"ஆமென்."

"இது செபமாலை இல்ல. கேஸ் வாசம் இருக்குதா?"

"ஆமென்."

"இருக்குதா, இல்லியா?"

"இல்ல. ஆமென்."

பதிலை ஒழுங்காகச் சொல் என்று எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். பதில் சொல்வதற்கும் செபிப்பதற்கும் தனித்தனியாக மூச்சு இல்லை என்றாய். பயத்தில் உனக்கு வாயில் வந்த ஒரே சொல் அதுதான். ஆனாலும் ஒரு முறைகூடப் பார்க்காமல் சொன்னதில்லை.

நீ போன பிறகு, பதில் சொல்ல ஆள் எதற்கு, எனக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று நானே தனியாகப் பற்ற வைத்தேன். இரண்டு மூன்று முறை ஒன்றும் ஆகவில்லை. ஏப்ரலில் ஒரு நாள், அட்டைப்பெட்டி சப்ளை செய்பவரோடு போனில் சண்டை. அளவு தப்பாக அனுப்பிவிட்டார். தோளில் போனை இடுக்கிக்கொண்டு கேஸைத் திறந்துவிட்டேன். சண்டையை முடித்தேன். தீப்பெட்டியைத் தேடினேன். பந்தத்தைக் கொளுத்தி நீட்டினேன். இதற்குள் சூளைக்குள்ளே எவ்வளவு கேஸ் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட எனக்குத் தெரியும். போடவில்லை.

டப்பென்று ஒரு சத்தம். கதவு பிடுங்கிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. நான் பின்னால் விழுந்தேன். பெரிய காயமில்லை. புருவம் இரண்டும் போயிற்று, முன்மயிரும் கொஞ்சம் போயிற்று. ஒரு மாதம் எதைக் கேட்டாலும் ஆச்சரியப்படுகிறவன் போன்ற முகத்தோடு ஊரில் திரிந்தேன்.

என்ன ஆச்சு என்று எல்லோரும் கேட்டார்கள். ரெகுலேட்டர் கெட்டுப்போயிருந்தது என்றேன். அது வாய் பேசாத பொருள், மறுக்கவா போகிறது? அந்த நல்ல ரெகுலேட்டரை மாற்றினேன். புதியதும் சந்தேகமாக இருக்கிறது என்று அதையும் மாற்றினேன். அளக்கும் கருவி வர வேண்டும், கம்பெனி ஆள் வர வேண்டும், மழை நிற்க வேண்டும் என்று நாள் கடத்தினேன். பக்கத்து ஷெட் சூளையில் இடம் கேட்டுச் சுட்டுக்கொண்டிருந்தேன். தீபாவளிக்குப் பிறகு அவர்களுக்கே இடம் போதவில்லை.

தீக்குச்சி கிழிக்கவே கை வரவில்லை அக்கா. காலையில் அம்மாவுக்கு டீ போட்டுக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, கடை டீ நன்றாக இருக்கிறது என்று தூக்கில் வாங்கி வந்தேன். கல்லறைத் திருநாளுக்கு உன் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னார் அம்மா. காற்றாக இருக்கிறது என்றேன். அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை. பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்தவரிடம், அண்ணே, இதையும் கொஞ்சம் ஏத்திடுங்க என்றேன். உனக்கு அன்று மெழுகுவர்த்தி ஏற்றியவர் யாரென்றே எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள்.

நவம்பர் கடைசியில் ஃபாதர் போன் செய்தார். நீ அச்சு எடுத்துவைத்த கிறிஸ்மஸ் குடில் பொம்மைகள்தான் இந்த வருஷமும் பங்குக்கு வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்.

"ஏன்ப்பா பிரிட்டோ, இந்த வருஷம் பாலன் இயேசு பொறப்பாரா, இல்ல ஒன் ரெகுலேட்டரு வந்தப்புறந்தானா?"

"பண்ணிடலாம் ஃபாதர்."

"கிறிஸ்மஸ தள்ளி வைக்க எனக்கு அதிகாரம் இல்லப்பா. அதான் கேக்கறேன்."

பொம்மைகள் எல்லாம் தயாராக இருந்தன, சுடாத பச்சை மண்ணாக. மாதா, சூசையப்பர், ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் பலகைத் தட்டுகளில் வரிசையாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்த வாரம் அஞ்சலை அக்கா வந்து என் முன்னால் நின்றார். உன்னோடு முதல் நாளிலிருந்து வேலை செய்தவர், மற்ற மூன்று பெண்களும் அவர் சொன்னால் கேட்பார்கள்.

"தம்பி, திங்கக்கெழமலருந்து நாங்க வேப்பூர் போறோம். மெயின் ரோட்டு ஓட்டல்ல இட்லி ஊத்த ஆளு கேக்கறாங்க."

"நாலு பேருமா? ஏன்க்கா?"

"பச்ச மண்ணையே எத்தினி நாளிக்கு பாத்துக்கிட்டு குந்தியிருக்கறது? அங்க இட்லியாவது வேவுது."

நான்கு பேரும் போய்விட்டால் ஷெட்டுக்குப் பூட்டுத்தான். நீயும் நானும் சண்டை போட்டுக்கொண்டே கட்டியது ஒரு தீக்குச்சியைக் கிழிக்காத என் கையால் முடிந்துபோகும். இருந்தது ஒரே சனிக்கிழமை.

சனிக்கிழமை மத்தியானம் சூளையில் பொம்மைகளை அடுக்கி முடித்ததும், கம்பெனி ஆள் வருகிறார், நீங்கள் போங்கள் என்று அவர்களை அனுப்பினேன். யாரும் வரவில்லை. நான் நடுங்குவதை யாரும் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். குழாய் முழுக்க சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட இல்லை. மறுபடியும் தடவினேன். எல்லாம் சரியென்று அறிவு சொன்னது. முட்டி கேட்கவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு பர்னர் முன்னால் உட்கார்ந்தேன்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, கடைசியில் வாய் தானாகத் திறந்தது. எனக்கு அழகாகச் செபிக்க வராது. வந்ததைச் சொன்னேன்.

"ஆண்டவரே, ஒங்க மேல நான் கோவமாத்தான் இருக்கறேன். அது தனி. இப்ப இத பத்த வைக்கணும். எனக்கு பயமா இருக்குது."

எட்டு மாதத்தில் அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் அடுத்ததும் கூடவே வந்துவிட்டது.

"ரெகுலேட்டரு கெடல. நான்தான் கேஸ மொதல்ல தெறந்தேன். எனக்கு கேஸ் மேல பயமில்ல. என் கை மேலதான் பயம். இந்தக் கைய வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது?"

திட்டு வரும் என்று காத்திருந்தேன். எனக்குத் தெரிந்த யாராக இருந்தாலும் அந்த இடத்தில் திட்டுவார்கள். நானே திட்டுவேன். திட்டு வரவில்லை. என்ன வந்தது என்று கேட்டால், அளந்து சொல்ல என்னிடம் கருவி கிடையாது. தப்புச் செய்த கையைப் பார்த்த பிறகும் ஒருவர் எழுந்து போகாமல் பக்கத்திலேயே நிற்பது போல இருந்தது. கோபமாக இருக்கிறேன் என்று சொன்னதற்குப் பிறகும் நிற்கிறார். அவசரப்படுத்தவும் இல்லை. நடுக்கம் நிற்கவில்லை அக்கா. ஆனால் நடுங்கிக்கொண்டே எழுந்திருக்க முடிந்தது.

"டேம்பர்," என்று கூப்பிட்டேன்.

கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். எனக்குப் பழக்கமே இல்லாத காரியம் அது. காத்திருந்த நேரத்தில் நிமிர்ந்து டேம்பரைப் பார்த்தேன், நிஜமாகவே பார்த்தேன். திறந்திருந்தது. "கதவு." ஒரு சாண். "வாசம்." குனிந்து மோந்து பார்த்தேன், இல்லை. கேட்க ஒருவர் இருக்கிறார் என்று கூப்பிட்டால் எவனும் நிதானமாகத்தான் கூப்பிடுவான். ஏப்ரலில் இல்லாமல் போனது அந்த நிதானம்தான். மூன்று தீக்குச்சிகளை ஒடித்து, நாலாவதில் பந்தத்தைக் கொளுத்தி பர்னர் வாயில் பிடித்தேன்.

"பந்தம்."

"ஆமென்," என்றது சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல்.

பந்தம் கையிலிருந்து நழுவப் பார்த்தது. முதல் நொடி நீதான் என்று நினைத்தேன். அடுத்த நொடி ஆண்டவரோ என்று நினைத்தேன், அவருக்கு இப்படிக் கட்டைக்குரல் இருக்கும் என்று யாரும் சொன்னதில்லையே. சுவரோரமாக அஞ்சலை அக்காவின் தலை எட்டிப் பார்த்தது.

"நீங்க எப்ப வந்தீங்க?"

"சோத்து டப்பாவ மறந்துட்டேன். நீ ஒங்க சாமிகிட்ட கோவமா இருக்கறன்னு சொன்னியே, அப்பவே வந்துட்டேன்."

"அப்ப அந்த ரெகுலேட்டரு..."

"அது எங்களுக்கு ஏப்ரல்லயே தெரியும். நீ அட்டப்பொட்டிக்காரர திட்டுனது எஸ்டேட்டு பூரா கேட்டுது. கேஸ் நாத்தம் அடிக்குது தம்பின்னு நான் கத்துனேன். ஒன் காதுல போனு இருந்துது."

"ஏன் இத்தினி நாளா சொல்லல?"

"நீயா சொல்லுவன்னு பாத்தோம். எட்டு மாசம் ஆவும்னு தெரியாது. பந்தம் பாதி எரிஞ்சி போச்சி, மேல கூப்புடு."

"ஆமென்னு எதுக்கு சொன்னீங்க? நீங்க கோயிலுக்கு கூட வரமாட்டீங்களே."

"செசிலி அதான் சொல்லும். வேற என்னா சொல்லணும்னு நீ என்னிக்கு யாருக்கு சொல்லிக் குடுத்த?"

பந்தத்தை மறுபடி பர்னர் வாயில் நேராகப் பிடித்தேன். "கேஸ்," என்றேன். "ஆமென்," என்றார். கேஸ் திருகைக் கால்வாசி திறந்தேன். புஸ்ஸென்று ஒரு சின்ன மூச்சு, பிறகு நீலமாக ஒரு நாக்கு. இரண்டாவது பர்னர். மூன்றாவது. நாலாவது பற்றியதும் என் கால் என்னைக் கேட்காமலே தரையில் மடிந்து உட்கார்ந்தது. "அதான் எரியுதே, இப்ப எதுக்கு குந்தற?" என்றார் அஞ்சலை அக்கா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வைதான் என்றார். நானும் அதையேதான் சொன்னேன்.

திங்கட்கிழமை சூளையைத் திறந்தோம். ஒரு மாட்டுக்குக் கொம்பு போயிற்று, ஒட்டகத்துக்கு வயிற்றில் விரிசல். மற்றதெல்லாம் நன்றாக வெந்திருந்தது. சூசையப்பர் மட்டும் எல்லா செட்டிலும் கொஞ்சம் கறுத்துவிட்டார். ஃபாதர் ஒருவரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "கைக்கொழந்த இருக்கற வூட்டுல அப்பன் தூங்கியிருக்க மாட்டான். இப்பிடித்தான் இருப்பாரு, இருக்கட்டும்," என்றார். நான்கு பெண்களும் வேலைக்கு வந்திருந்தார்கள். வேப்பூர் ஓட்டலுக்கு அஞ்சலை அக்காவே போன் போட்டு, எங்க சூளை எரியுதுங்க என்று சொல்லிவிட்டாராம்.

மற்ற மூவரிடமும், அம்மாவிடமும், பக்கத்து ஷெட்காரரிடமும் உண்மையைச் சொன்னேன். ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. எட்டு மாதம் நான் கஷ்டப்பட்டுக் காப்பாற்றிய ரகசியத்தை ஊரே எனக்காகக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

பயம் போய்விட்டது என்று எழுதினால் ஃபாதர் சந்தோஷப்படுவார், ஆனால் அது அடுத்த பொய்யாகிவிடும். முந்தாநாள் இரண்டாவது தடவை பற்ற வைத்தபோதும் முட்டி ஆடியது. இப்போது அதை மறைக்கும் வேலை இல்லை, அதனால் நேரம் மிச்சமாகிறது. உன் ஆண்டவரோடு பேச்சும் தொடங்கிவிட்டது. நீ ஏன் திரும்பி வரவில்லை என்ற கேள்வியை விட்டுவிடவில்லை, தினமும் கேட்கிறேன். முன்னே வெறும் கூரையைப் பார்த்துக் கேட்டேன். இப்போது எதிரில் இருப்பவரிடம் கேட்கிறேன். அவர் பதில் சொல்லவில்லை, எழுந்து போகவும் இல்லை.

இனி ஒரு முக்கியமான செய்தி. அடுத்த சூளையை அஞ்சலை அக்கா பற்ற வைக்கப் போகிறார். "பயமாத்தான் இருக்குது தம்பி, ஆனா கத்துக்கணும்," என்றார். சுவருக்குப் பின்னால் நிற்கப் போவது நான். உனக்குச் சத்தியம் செய்து தருகிறேன்: அவர் எவ்வளவு மெதுவாகக் கூப்பிட்டாலும் சீக்கிரம் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். பயப்படாதீங்க என்று சொல்ல மாட்டேன், இங்கதான்க்கா நிக்கறேன் என்று சொல்வேன். உயிருள்ளவரை யாரையும் அந்த பர்னர் முன்னால் தனியாக நிற்க விட மாட்டேன், என்னையும் சேர்த்து.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்ததால் வேறு வழியில்லாத
தம்பி பிரிட்டோ